ஈயம் தானே ஏறும் வளைவு

நல்ல சால்டரிங்கைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். போர்டைத் திருப்பி, விளக்குக்குக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் போதும். செம்புத் தடத்திலிருந்து ரெசிஸ்டரின் காலை நோக்கி ஈயம் உள்வளைந்து ஏறியிருக்கும். காலின் வடிவம் அதற்குள் தெரியும். ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி தடத்தோடு இழைந்திருக்கும். தாமரை இலைத் தண்ணீராய் உருண்டு நின்றால் அது பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

அந்த வளைவைக் கையால் வனைய முடியாது. அதுதான் இந்த வேலையில் என்னை மயக்குவது. சால்டரிங் அயர்ன் முனையில் லெட்டை, அதாவது ஈயக் கம்பியை, உருக்கிக் கொண்டுபோய்ப் பூசுகிறவருக்கு அது வாய்ப்பதே இல்லை. முனையைக் காலிலும் தடத்திலும் ஒருசேரப் படும்படி வைத்து, ஓரிரு நொடி சூடேறவிட்டு, எதிர்ப்பக்கம் லெட்டைத் தொட வேண்டும். சூடான செம்பே அதை உருக்க வேண்டும். முதலில் லெட்டுக்குள் இருக்கும் ரோசின் வழியும். பைன் மரப் பிசினிலிருந்து எடுப்பது அது. சாதாரணச் சூட்டில் சாதுவாகக் கிடக்கும், சூடேறியதும் அமிலமாக வேலைசெய்து, செம்பின்மேல் படிந்த ஆக்ஸைடைக் கரைக்கும். அதன் பின்னாலேயே ஈயம் ஓடிவந்து, சூடு இருக்கும் இடமெல்லாம் பரவிக் காலைச் சுற்றிக்கொள்ளும். லெட்டில் இருக்கும் வெள்ளீயமும் செம்பும் சேர்ந்து நடுவில் மெல்லிய சேர்மப் படலம் ஒன்று உண்டாகிறது. பிடிப்பு அதில்தான் இருக்கிறது. ரொம்ப நேரம் காய்ச்சினால் அந்தப் படலம் தடித்து நொறுங்கத் தொடங்கும்.

சென்னை ரிச்சி தெருவில் லெட் கேட்டால் பெரும்பாலும் 60/40 கைக்கு வரும். நான் 63/37 கேட்டு வாங்குவேன். வெள்ளீயம் தனியாக 232 டிகிரியில் உருகும், காரீயம் 327 டிகிரியில். 63 பங்கு வெள்ளீயத்தோடு 37 பங்கு காரீயம் சேர்ந்தால் 183 டிகிரியே போதும். அதைவிடப் பெரிய குணம், நடுவில் குழைநிலை கிடையாது. அயர்னை எடுத்த கொஞ்ச நேரத்தில், மேற்பரப்பில் ஒரு சிறு அசைவு ஓடி, பளபளப்புக் குறையாமல் உறைந்துவிடும். 60/40 சில டிகிரி தூரம் குழம்பாக நின்றுதான் இறுகும். அந்த நேரம் கால் ஆடினால் இணைப்பு கெட்டது.

கெட்ட இணைப்பு எல்லாமே கைக்குற்றம் என்று சொல்லிவிட முடியாது. பழைய பிக்சர் டியூப் டிவியைத் தட்டினால் படம் வந்ததற்குப் பல நேரம் காரணம், ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் போன்ற கனமான, சூடாகும் பாகங்களின் கால்கள். வருடக்கணக்கில் சூடாகி ஆறி, காலைச் சுற்றி ஈயம் மயிரிழை வளையமாக விரிசல் விட்டிருக்கும். மெக்கானிக் ‘டிரை சால்டர்’ என்று சொல்லி, பழையதை உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைப்பார்.

2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருட்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆலைகள் 96.5 விழுக்காடு வெள்ளீயம், 3 விழுக்காடு வெள்ளி, 0.5 விழுக்காடு செம்பு என்ற கலவைக்குப் பெருமளவில் மாறின. அது உருகத் தொடங்கவே 217 டிகிரி வேண்டும். நல்ல இணைப்பும் மங்கலாகத்தான் இருக்கும். காரீயம் குப்பையோடு மண்ணுக்குப் போவதை நினைத்தால் அந்த மாற்றம் நியாயமானது. ஆனால் காரீயம் சேராத வெள்ளீயப் பூச்சிலிருந்து நுண்ணிய இழைகள் தானாகவே முளைத்து ஷார்ட் ஆக்கும். 1998 மே மாதம் கேலக்ஸி 4 செயற்கைக்கோள் செயலிழந்து, அமெரிக்காவின் பெரும்பாலான பேஜர்கள் நின்றுபோனதற்கு இந்த இழைகளே காரணமாகச் சொல்லப்படுகின்றன. விண்வெளிக் கருவிகளில் இன்னும் காரீயத்தை விடாமல் வைத்திருப்பது இதனால்தான்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது, 0.8 மில்லிமீட்டர் தடிமனில், ரோசின் உள்ள 63/37. தகரவேலைக்கும் குழாய்வேலைக்கும் விற்கும் அமிலப் பேஸ்ட் போர்டுக்கு ஆகாது; வேலை முடிந்த பிறகும் செம்பை அரித்துக்கொண்டே இருக்கும். எழும் புகை ரோசினுடையது, காரீயம் அந்தச் சூட்டில் ஆவியாகாது. ஆனால் ரோசின் புகையே ஆஸ்துமா வரவழைக்கும் என்பதால் ஃபேனைப் புகை வெளியே போகும்படி வையுங்கள். காரீயம் விரலில் ஒட்டும். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ கிளாஸைத் தொடாதீர்கள்.