விழுப்புரத்துக்கு எந்தச் சாவி?

ஒருவருடைய ஜாவா நிரலை ரசிக்க வேண்டுமானால் மேப்பில் அவர் சேர்த்து வைத்த சரக்கை விட்டுவிட்டு, அதற்குப் போட்ட சாவியைப் பாருங்கள். விழுப்புரத்தின் எஸ்.டி.டி. எண் 04146, திண்டிவனத்துக்கு 04147. எண்தானே என்று இவற்றை அப்படியே இன்டிஜர் சாவியாக எழுதினால், முன்னால் நிற்கும் பூஜ்யத்தைப் பார்த்து ஜாவா அவற்றை எட்டின் அடிமானத்தில் வாசிக்கும். விழுப்புரம் 2150 ஆகிவிடும், திண்டிவனம் 2151. கம்பைலர் முணுமுணுக்கக்கூட மாட்டார். கூட்டிக் கழிக்கப் போகாத எண்ணை ஸ்ட்ரிங்காக வைத்திருப்பவர் விவரமானவர். ஸ்ட்ரிங் மெதுவாயிற்றே என்பார்கள். அது தன் ஹேஷ்கோடை ஒருமுறை கணக்கிட்டதும் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு மாவட்டத்து ஊர்களுக்கு அந்த வேக வித்தியாசம் பேசத் தக்கதல்ல.

அப்படியானால் ஊர்ப்பெயரையே சாவியாக்கலாமே, படிக்கவும் எளிது? விழுப்புரத்தை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். தமிழிலாவது நிம்மதி என்றால், கோட்டக்குப்பம் இருக்கிறது. ‘கோ’வின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒரே ஊர், ஈக்குவல்ஸுக்கு இரண்டு. நார்மலைசர் இதைச் சரிசெய்யும்தான். போடும்போதும் தேடும்போதும் மறக்காமல் அழைக்க வேண்டும். மனிதர் படிக்க வேண்டிய பெயர், மதிப்பின் பக்கம் இருக்கட்டும். ஊரையும் மாவட்டத்தையும் சேர்த்து ஒரு வகுப்பைச் சாவியாக்குவோரும் உண்டு. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. உளுந்தூர்பேட்டையும் விழுப்புரத்தை விட்டு அதோடு போனது. மேப்புக்குள் கிடக்கும் சாவியில் மாவட்டத்தைத் திருத்தினால் ஹேஷ்கோட் மாறும். பொருள் பழைய அறையிலேயே இருக்க, தேடல் புது அறையைத் தட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பும். ஜாவா 16-இல் வந்த ரெக்கார்டில் இப்படித் திருத்தவே முடியாது என்பது அதன் பெரிய நன்மை.

பின்கோடு நல்ல சாவிபோலத் தெரியும். திண்டிவனத்தின் 604001 பூஜ்யத்தில் தொடங்கவில்லை, இன்டிஜராகவே வைக்கலாம். ஆனால் ஒரு பின்கோடின் கீழ் பல அஞ்சலகங்கள் உண்டு; இரண்டாவதைப் போட்டதும் முதலாவது சத்தமின்றி அழியும். என் வாக்கு ரயில்வேயின் நிலையக் குறியீட்டுக்குத்தான். விழுப்புரம் ‘விஎம்’, திண்டிவனம் ‘டிஎம்வி’. நிலையத்துக்கு ஒன்று, எழுத்தும் சிலதான், மாவட்டம் பிரிந்தாலும் கவலையில்லை. சென்னை சென்ட்ரல் 2019-இல் எம்.ஜி.ஆர். பெயருக்கு மாறியது, அதன் குறியீடு மெட்ராஸ் காலத்து ‘எம்ஏஎஸ்’தான்.