வாட்ச்மேன் யாரைத் தடுக்கிறார்?

வளாகத்தில் ஏதாவது நடந்தால் உடனே எல்லோரும் கேட்பது, "இத்தனை செக்யூரிட்டி இருந்தும் எப்படி?" என்றுதான். அடுத்த வாரமே ஆள் எண்ணிக்கை கூடும், கேமரா கூடும், ஐடி கார்டு கட்டாயமாகும். என்னைக் கேட்டால், எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைவிட எதற்காக நிறுத்தியிருக்கிறோம் என்பதுதான் முதல் கேள்வி.

இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 2024 டிசம்பர் 23 இரவு, கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். குற்றவாளி வெளியாள், பிரியாணி வியாபாரி. 2025 ஜூனில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவருக்கு, குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் கழிக்கும்படி ஆயுள் தண்டனை விதித்தது. அதற்கு நான்கு மாதம் முன்பு, கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டார். அங்கே தண்டனை பெற்றவர் காவல்துறைக்கு உதவும் சிவிக் வாலண்டியர். அதாவது, பாதுகாப்புத் தரப்பு ஆள்!

வெளியாளைத் தடுத்து உள்ளாளை விடுவதுதான் பாதுகாப்பு என்ற கணக்கு இரண்டு இடத்திலும் பொய்த்துப்போனது.

சரி, கேட்டில் நிற்பவர் நாள் முழுக்க என்ன செய்கிறார்? நான் பார்த்த கல்லூரிகளில், "ஐடி எங்கப்பா?" என்று கேட்கிறார். லேட்டாக வரும் மாணவிகளின் பெயரை நோட்டில் எழுதுகிறார். மரத்தடியில் ஒரு பையனும் பெண்ணும் உட்கார்ந்திருந்தால் எழுப்பி விடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அதுதான் அவருக்குத் தரப்பட்ட வேலை. பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி, 12 மணி நேர டியூட்டி. காரில் வருபவரிடம் நின்று கேள்வி கேட்டால் வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். கேட்க முடிந்தது மாணவர்களை மட்டும்தான்.

இதன் விளைவு என்ன? அண்ணா பல்கலைக்கழக வழக்கில், மாணவியையும் உடனிருந்த நண்பரையும் வீடியோ எடுத்திருப்பதாகக் காட்டி அவன் மிரட்டியதாகச் செய்திகள் வந்தன. அந்த மிரட்டலுக்கு வலு எங்கிருந்து வருகிறது? சேர்ந்து உட்கார்ந்ததே குற்றம் என்று வளாகங்கள் நினைப்பதிலிருந்துதான். ஒழுக்கத்தைக் காக்க நிறுத்திய காவல், குற்றவாளி கையில் ஆயுதமாகிவிடுகிறது.

விதிகள் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டு மத்திய மாதிரி விதிகள், தனியார் காவலருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் கேட்டன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறை, பாலினச் சமத்துவப் பயிற்சியைக் காவலர் நியமனத்தின் நிபந்தனையாகவே வைக்கிறது. பெண் காவலர்களும் போதிய அளவில் இருக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகள் விடுதிக்குத் தனிக் கட்டுப்பாடு போடக் கூடாது என்றும் சொல்கிறது. குறைந்த விலை சொன்ன ஏஜென்சிக்கே டெண்டர் என்றால் இந்தப் பயிற்சிக்கு யார் காசு கொடுப்பது?

ஒரு வளாகத்தின் காவல் சரியாக இருக்கிறதா என்று அளக்க கேமராக்களை எண்ண வேண்டாம். அங்கே படிக்கும் பெண்களிடம் கேளுங்கள்: "இரவு எட்டு மணிக்குப் பயம் வந்தால் வாட்ச்மேனை நோக்கி ஓடுவீர்களா, அவர் கண்ணில் படாமல் ஓடுவீர்களா?" இரண்டாவது பதில் வந்தால், இன்னும் நூறு பேரை நிறுத்தினாலும் ஒன்றும் மாறாது.