ஜப்பான் பேஸும் பதினேழாம் நம்பர் ஸ்டாம்பும்

போன தை மாதம் பெரம்பூரில் ஒரு மாடி வீட்டில் பழைய பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கினேன். ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், ஜப்பானில் செய்தது. கழுத்தின் பின்புறம் இருந்த எண்ணைப் பார்த்தால் 1980களின் நடுப்பகுதி. விற்றவர் மெல்லிசைக் குழுக்களிலும் சர்ச்சிலும் முப்பது வருடம் வாசித்தவர். "தம்பி, இது சாதா பீஸ் இல்ல. ஜப்பான்காரன் தவம் மாதிரி உக்காந்து கையால இழைச்சது" என்றார். அறுபதாயிரம் கொடுத்தேன்.

நான் இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆகவே "தவம்" என்ற சொல் அன்றைக்கே எனக்கு இடித்தது. ஆறு மாதம் வாசித்தபின் அது ஏன் தப்பு என்று சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

பழைய ஜப்பான் கிட்டார்களைச் சுற்றி நிறையக் கதைகள் உண்டு. எழுபதுகளில் அங்கே செய்த எதையும் 'வழக்குக் காலத்து கிட்டார்' என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். நடந்தது இவ்வளவுதான்: 1977ல் கிப்ஸனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டது. தகராறு கிட்டாரின் தலைப்பகுதி வடிவத்தைப் பற்றி. அடுத்த வருடமே சமாதானமாகிவிட்டார்கள். அந்த வழக்குக்கும் மரத்தின் தரத்துக்கும் நாதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஃபெண்டர் வேறு வழியில் போனது. நகலெடுப்பவர்களோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில் 1982ல் அங்கேயே ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கியது. செய்து கொடுத்தது நாகானோ மாகாணம் மாட்சுமோட்டோவில் இருந்த ஃபூஜிகென் ஆலை. 1985ல் அமெரிக்காவில் ஃபெண்டர் கைமாறியபோது பழைய ஃபுல்லர்டன் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. கொஞ்ச காலம் ஃபெண்டர் என்ற பெயரைத் தாங்கிப் பிடித்தது பெரும்பாலும் ஜப்பான் சரக்குதான். அதாவது என் பேஸ், ஆர்டர் நெருக்கடியில் ஓடிய ஆலையின் பொருள். மெஷின், அச்சு, ஜிக், வரிசை, ஆய்வு எல்லாம் அங்கே இருந்தது. கைவேலையும் இருந்தது. தவம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் ஸ்கேலும் ஃபீலர் கேஜும் எடுத்தேன். கழுத்து லேசாக வளைந்திருந்தது. நாலு தந்தியும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும். முப்பத்தைந்து நாற்பது வருடம் அதைத் தாங்கிய கட்டைக்கு அது பெரிய குறையில்லை. உடலும் கழுத்தும் சேரும் இடத்தில் ஒரு தாள் நுழையவில்லை. இருபது ஃப்ரெட்டின் ஓரங்களிலும் விரலை ஓட்டினால் ஒன்றுகூடக் குத்தவில்லை. குறைகளும் உண்டு. பெயின்ட் பூச்சு தேவைக்கு மேல் தடிமன். வால்யூம் பாட் சின்னது, திருகினால் கரகரக்கிறது. மிச்சம் பிடித்த இடம் தெரிகிறது, மிச்சம் பிடிக்காத இடமும் தெரிகிறது. கை படும் இடத்தில் யாரும் மிச்சம் பிடிக்கவில்லை. இந்தக் கருவியை நான் மதிப்பது அதற்காகத்தான்.

நாதத்துக்கு வருவோம். 1982ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை', 'நினைவெல்லாம் நித்யா' பாடல்களை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். இளையராஜாவின் பேஸ் தாளத்துக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்பதில்லை. பாடகருக்குக் கீழே இன்னொரு பாட்டு நடக்கிறது. சசிதரன் போன்றவர்களின் விரலில் அது வளர்ந்தது. எங்கள் கம்பெனி பஸ்ஸில் பூந்தமல்லி தாண்டியதும் யாராவது செல்போனில் அதே பாடல்களைப் போடுவார்கள். பேஸின் அடித்தந்தி வினாடிக்கு 41 அதிர்வு. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. கீழே நடக்கும் பாட்டு இல்லாமலே பாட்டு ஓடும், யாருக்கும் குறை தெரியாது. இந்த பேஸில் அந்த வரிகளை வாசிக்கும்போது ஒவ்வொரு சுரமும் தடித்து, உருண்டு, அடுத்ததற்கு வழிவிட்டு அடங்குகிறது. மினுமினுப்பு குறைவு. தனியாக வாசித்தால் மந்தமாகக்கூடத் தோன்றும். கூட யாராவது பாடினால்தான் இதன் அருமை தெரியும்.

வளைவைச் சரிசெய்யும் கம்பியின் திருகு இந்த மாடலில் கழுத்தின் அடிப்பக்கம் இருக்கிறது. கழுத்தைக் கழற்றினால்தான் எட்டும். கழற்றினேன். உள்ளே ஒரு பென்சில் கோடு, பக்கத்தில் மங்கிய மை முத்திரை. யாரோ பார்த்து 'ஓகே' சொல்லியிருக்கிறார். வாங்குபவர் கண்ணில் படாத இடம்.

எங்கள் லைனிலும் ஸ்டாம்ப் உண்டு. பதினேழாம் நம்பர் ஒரு கான்ட்ராக்ட் பையனிடம் இருந்தது. திருவண்ணாமலைப் பக்கத்துக்காரன். கேஜ் வைப்பதற்கு முன்பே விரலால் தடவி "அண்ணே, இதுல பிசிறு இருக்கு" என்பான். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒப்பந்தம் முடிந்த அன்று ஸ்டாம்பை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் அதை வேறொருவருக்குக் கொடுத்தேன். எங்கள் பகுதியில் சுவரெல்லாம் ஜப்பான் வார்த்தைகள் எழுதி வைத்திருக்கிறோம்: கைசன், கெம்பா, போக்கா-யோக்கே. மாட்சுமோட்டோவில் ஒருவர் ஃப்ரெட் ஓரத்தை இழைத்தால் கலை என்கிறோம். இங்கே அதே விரல், அதே கவனம். அதற்குப் பெயர் மேன்பவர்.

2019 முதல் யமஹா சென்னைக்கு அருகே இசைக்கருவி ஆலை நடத்துகிறது. அங்கே செய்த அகூஸ்டிக் கிட்டார்கள் கடைகளில் கிடைக்கின்றன. மலிவானவை, மாணவர்களுக்கானவை. ஜப்பான் கிட்டார்களையும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். நாற்பது வருடம் கழித்து அதில் ஒன்றை யாராவது மாடி ஏறிப் போய் வாங்கலாம். விற்பவர் "தமிழ்நாட்டுக்காரன் கையால இழைச்சது" என்று சொல்லட்டும். அதற்குள் அந்தக் கை யாருடையது என்று நாம் குறித்து வைத்திருந்தால் நல்லது.

பேஸ் ரொம்ப நல்ல பேஸ். அறுபதாயிரம் அதிகமில்லை. பாட்டை மட்டும் மாற்ற வேண்டும்.