குறி பார்க்கும் கை: ஃபிட்ஸ் ஆய்வைப் பற்றி ஒரு மதிப்பீடு

மீமிசல் கடற்கரையில் கிழிந்த வலையைப் பழுது பார்ப்பவரின் கையைச் சற்று நேரம் கவனியுங்கள். நூல் சுற்றிய ஊசி வலையை நோக்கி விரைகிறது. வலைக்கண்ணை நெருங்கியதும் வேகம் தணிகிறது. பிறகே உள்ளே நுழைகிறது. வலைக்கண் சிறியதாக இருந்தால் கை இன்னும் தாமதிக்கும். எவ்வளவு தாமதிக்கும் என்பதற்குக் கணக்கு உண்டா?

உண்டு என்று 1954இல் காட்டியவர் அமெரிக்க உளவியலறிஞர் பால் ஃபிட்ஸ். ஒஹாயோ மாநிலப் பல்கலைக் கழகத்தில் அவர் செய்த சோதனை மிக எளியது. இரண்டு உலோகப் பட்டைகள். கையில் ஓர் எழுத்தாணி. பட்டைகளை மாறி மாறித் தொடவேண்டும், ஆனால் குறி தவறக்கூடாது. பட்டையின் அகலத்தையும் இடைத்தூரத்தையும் மாற்றி மாற்றி நேரத்தை அளந்தார். 2 அங்குலத் தூரத்தில் கால் அங்குலப் பட்டையைத் தொட 0.392 விநாடி ஆயிற்று. 16 அங்குலத் தூரத்தில் 2 அங்குலப் பட்டையைத் தொட 0.388 விநாடி! தூரம் எட்டு மடங்கு, ஆயினும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. தூரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதமே நேரத்தை முடிவு செய்கிறது. அந்த விகிதம் இரட்டிக்கும்தோறும் சுமார் 0.1 விநாடி கூடுகிறது. இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மகிழ்ச்சிக்காகவே இக்கட்டுரையைப் படிக்கலாம். கணிப்பொறியின் சுட்டியை வடிவமைத்தவர்களுக்கும் பின்னாளில் இது கைகொடுத்தது.

என் குறை அவருடைய விளக்கத்தின் மீதுதான். தந்திக் கம்பி செய்தியைக் கடத்துவதுபோல, கையும் விநாடிக்குச் சுமார் 10 ‘பிட்’ செய்தியைக் கடத்துகிறது என்கிறார். அவருடைய அட்டவணையிலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. மிக எளிய குறியில் (2 அங்குலத் தூரம், 2 அங்குல அகலம்) நேரம் 0.180 விநாடி, கணக்கிட்டால் 5.56 பிட்தான் வருகிறது. எல்லைகளைத் தாண்டினால் வீதம் குறையும் என்று ஃபிட்ஸ் நேர்மையாகவே எழுதியிருக்கிறார். சூத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள்தாம் அதை மறந்தார்கள்.

அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. கம்பிக்கு வழியில் ‘பாதிவழி’ என்பது இல்லை; கைக்கு உண்டு. இதை 1899லேயே உட்வர்த் என்பவர் கண்டார். கையின் பயணத்தில் இரண்டு பகுதிகள்: முதலில் ஒரு வீச்சு, பிறகு கண் பார்த்துச் செய்யும் திருத்தம். நிமிடத்துக்கு 20 முதல் 200 வரை கோடுகளை இழுக்கச் சொல்லிப் பார்த்தார். மெதுவாக இழுக்கும்போது கண் திறந்திருப்பது உதவியது. மிக வேகமாக இழுக்கும்போது கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் பிழை ஒன்றே. திருத்த நேரமில்லை! ஃபிட்ஸின் அட்டவணை மொத்த நேரத்தைச் சொல்கிறது. அதில் வீச்சு எவ்வளவு, திருத்தம் எவ்வளவு என்று சொல்வதில்லை.

இது வெறும் ஏட்டுச் சண்டையன்று. இரட்டைக்கோடு நோட்டில் எழுதும் சிறுவனிடம் “கோட்டைத் தாண்டாதே, சீக்கிரம் எழுது” என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்பதை ஃபிட்ஸ் காட்டிவிட்டார். ஆனால் அவன் ஏன் தாமதிக்கிறான்? முதல் வீச்சே தப்புகிறதா, திருத்துவதில் நேரம் போகிறதா? பயிற்சியால் வீச்சு குறிக்கு அருகில் விழத் தொடங்கினால் திருத்தம் குறையும். வலைக்காரர் பேசிக்கொண்டே ஊசியைச் செலுத்துவது அப்படித்தான். சிறுவனுக்கு எது தேவை என்பதை அறிய உட்வர்த்தைத்தான் புரட்டவேண்டியிருக்கிறது.

வாசகர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். தாளில் 5 செ.மீ. இடைவெளியில் 6 மி.மீ. அகலமுள்ள இரு பட்டைகள் வரைந்து, 15 விநாடியில் மாறி மாறி எத்தனை புள்ளி வைக்க முடிகிறது என்று எண்ணுங்கள். பிறகு 40 செ.மீ. இடைவெளியில் 5 செ.மீ. பட்டைகள். கடைசியாக இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு செய்து, பட்டைக்கு வெளியே விழுந்த புள்ளிகளைத் தனியே எண்ணிப் பாருங்கள்.