வேலியைப் பிடித்து நடந்தவர்கள்: ஒரு படமும் சில அபிப்பிராயங்களும்

ஒரு திரைப்படத்தைப் பற்றி "மெதுவாகப் போகிறது" என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் பேச எதுவுமில்லை என்ற மனோபாவம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. வேகம் ஒரு படத்தின் தகுதியா, அல்லது அது சொல்ல வந்த பொருளிலிருந்து பிறக்கும் தன்மையா என்ற கேள்வியை நாம் எழுப்புவதில்லை. அவுஸ்திரேலிய நெறியாளர் பிலிப் நொய்ஸ் 2002இல் தந்த ‘ரெபிட் புரூஃப் பென்ஸ்’ (முயல் தடுப்பு வேலி) என்ற படத்தை ஆசிரிய நண்பர்களோடும் உயர்தர வகுப்பு மாணவர் சிலரோடும் இருந்து பார்த்தேன். படம் முடிந்த பின் எழுந்த அபிப்பிராயங்கள் சில, படத்தைப் போலவே சிந்திக்க வைத்தன. அவற்றை முன்வைத்தே இக்கட்டுரை அமைகிறது.

கதை சிறியது. 1931ஆம் ஆண்டு. மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைநில ஓரத்தில் உள்ள ஜிகலொங்கில் வாழ்ந்த மோலி, டெய்சி, கிரேசி என்ற மூன்று சிறுமியர் அரச கட்டளைப்படி தாய்மாரிடமிருந்து பறித்தெடுக்கப்பட்டு, பேர்த் நகருக்கு வடக்கேயுள்ள மூர் ரிவர் குடியிருப்பில் சேர்க்கப்படுகின்றனர். தாய் ஆதிவாசி, தந்தை வெள்ளையர் என்பதே அவர்கள் செய்த குற்றம். மூவரும் தப்பியோடி, முயல் தடுப்பு வேலியைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வாரங்கள் நடக்கின்றனர். வழியில் கிரேசி பிடிபடுகிறாள். மற்ற இருவரும் தாயிடம் சேர்கின்றனர். இது கற்பனையன்று. மோலியின் மகள் டொரிஸ் பில்கிங்டன் கரிமாரா 1996இல் எழுதிய நூலே படத்தின் மூலம். மூவரும் நடந்த தூரம் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர்.

முதலில் வேலியைப் பற்றி ஒரு வார்த்தை. 1859இல் விக்டோரியாவில் வெள்ளையர் ஒருவர் வேட்டைப் பொழுதுபோக்குக்காக விடுவித்த முயல்கள் பெருகிப் பயிர்நிலத்தை அழித்தன. அவற்றை மறிக்க 1901 முதல் 1907 வரை மேற்கு அவுஸ்திரேலியாவில் 1,800 கிலோமீற்றருக்கும் அதிகமான நீளத்தில் இந்த வேலி எழுப்பப்பட்டது. வேலி வேலை முடிவதற்குள் முயல்கள் மறுபக்கம் போய்விட்டன என்பது வேறு கதை. வேலியைப் பராமரிப்போருக்கான ஒரு தங்குமிடமாகவே ஜிகலொங் தோன்றியது. மோலியின் தந்தையும் வேலி வேலைக்கு வந்தவரே. எந்த வேலி அவளைக் ‘கலப்பினம்’ என்ற சட்டச் சொல்லுக்குள் பிறக்க வைத்ததோ, அதே வேலிதான் அவளுக்கு வீட்டுக்கு வழியும் காட்டுகிறது. இந்த முரணை நெறியாளர் வசனத்தால் விளக்கவில்லை. மோலி எங்கோ ஓரிடத்தில் கம்பியைப் பற்றிக்கொள்ள, ஜிகலொங்கில் தாயும் பாட்டியும் அதே கம்பியைப் பற்றி நிற்கும் ஒரேயொரு காட்சியில் அதை முடித்துவிடுகிறார்.

இனி அபிப்பிராயங்களுக்கு வருவோம். "சேர், நடக்காங்க, நடக்காங்க, நடந்துகிட்டே இரிக்காங்க. படம் எப்ப தொடங்கும்?" என்று ஒரு மாணவன் கேட்டான். கேலியாகக் கேட்டாலும் அவன் படத்தைச் சரியாகவே பார்த்திருக்கிறான். நடப்பதுதான் படம். மூத்தவளுக்குப் பதினான்கு வயது. இளையவளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் பல இடங்களில் நடக்கிறாள். அந்தப் பயணத்தைத் துரத்தல் படமாக வெட்டி ஒட்டியிருந்தால், நமக்குப் பரபரப்பு கிடைத்திருக்கும், தூரம் கிடைத்திருக்காது. ஒளிப்பதிவாளர் கிறிஸ்ரோபர் டொய்ல் வெயிலில் வெளிறிப்போன நிறங்களில், ஆளைச் சிறு புள்ளியாக்கும் பெருவெளியைக் காட்டுகிறார். தூரம் என்பது கிலோமீற்றர்க் கணக்கு அல்ல, பிள்ளையின் கால் உணரும் பாரம் என்பதை அந்த மந்தகதியே உணர்த்துகிறது.

சிறுமியரைத் தேடிச் செல்லும் தடம் பார்ப்பவர் மூடூவாக நடித்த டேவிட் குல்பிலிலின் நடிப்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவரும் ஓர் ஆதிவாசி. அவருடைய மகளும் மூர் ரிவரிலேயே இருக்கிறாள். ஆகவே அவரும் ஒருவகைக் கைதியே. அவர் பேசும் வார்த்தைகள் மிகச் சொற்பம். தடயத்தை மறைத்துச் செல்லும் மோலியின் கெட்டித்தனத்தைக் கண்டு அவர் முகத்தில் ஒரு மெல்லிய திருப்தி ஓடி மறைகிறது. வேகமான படத்தில் அந்த முகத்தை நாம் தவறவிட்டிருப்போம்.

என்னை அதிகம் உறுத்தியது இரண்டாவது அபிப்பிராயம். ஆசிரிய நண்பர் ஒருவர் சொன்னார்: "அந்த அதிகாரி கெட்டவரில்லையே மாஸ்டர். பிள்ளைகள் படித்து முன்னேறட்டும் என்றுதானே செய்தார்." கென்னத் பிரனா நடித்த ஏ.ஓ. நெவில், 1915 முதல் மேற்கு அவுஸ்திரேலியாவில் ஆதிவாசிகளின் ‘பிரதம பாதுகாவலர்’ பதவியில் இருந்தவர். ஒரு பெண் புதுச் சப்பாத்து வாங்கவும் அவருடைய மேசைக்கு விண்ணப்பம் வரவேண்டும். படத்தில் அவர் ஓரிடத்திலும் குரலை உயர்த்துவதில்லை. வெள்ளைச் சீமாட்டிகளின் கூட்டமொன்றில், மூன்று தலைமுறைக்குள் கறுப்பு நிறத்தை எவ்வாறு கரைத்துவிடலாம் என்பதைப் படங்கள் காட்டி, நல்ல ஆசிரியரைப் போல நிதானமாக விளக்குகிறார். தாம் நல்லதையே செய்வதாக அவர் மெய்யாகவே நம்புகிறார். படத்தின் பயங்கரம் அங்கேதான் இருக்கிறது. நெவிலைக் கொடுங்கோலனாக்கியிருந்தால் நமக்கு வசதியாக இருந்திருக்கும். வெறுத்துவிட்டு எழுந்து போயிருப்போம்.

இதை ஓர் ஆசிரியனாக என்னால் இலகுவில் கடந்துபோக முடியவில்லை. மூர் ரிவரில் சிறுமியர் தம் தாய்மொழியில் பேசியதும், அந்த உளறல் இங்கே வேண்டாம், ஆங்கிலம் பேசு என்று அதட்டப்படுகிறார்கள். பெயர் கூப்பிட்டு, வரிசையில் நிறுத்தி, மோலியின் உடையை விலக்கித் தோலின் நிறம் பார்க்கிறார் நெவில். வெளுத்த பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம். கறுத்த பிள்ளைக்கு அது இல்லை. பெயர் கூப்பிடுவதும் வரிசையில் நிறுத்துவதும் நாமும் நாள்தோறும் செய்பவை. ‘உன் நன்மைக்காக’ என்ற சொல்லும் நம் வாயில் வருவதே. பிள்ளையிடமிருந்து மொழியையும் தாயையும் பறிக்கும் கல்வி, எவ்வளவு நல்ல நோக்கத்தோடு வந்தாலும் அது கல்வியாகாது. இதைப் படம் போதிக்கவில்லை. வரிசையில் தன் முறைக்காகக் காத்து நிற்கும் ஒரு பிள்ளையின் கண்ணால் காட்டுகிறது.

அமெரிக்காவில் இப்படம் திரையிடப்பட்டபோது, உங்கள் மகளை அரசாங்கமே கடத்திச் சென்றால் என்ன செய்வீர்கள் என்ற கருத்தில் சுவரொட்டி அச்சிடப்பட்டது. ‘கடத்தல்’ என்ற சொல்லுக்கு அவுஸ்திரேலிய அரசியல்வாதிகளிடமிருந்து கண்டனம் எழுந்தது. ஆனால் 1997இல் வெளியான ‘பிரிங்கிங் தெம் ஹோம்’ விசாரணை அறிக்கை, 1910க்கும் 1970க்கும் இடையில் ஆதிவாசிப் பிள்ளைகளுள் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இவ்வாறு பிரிக்கப்பட்டனர் என்று கணித்திருந்தது. பிரதமர் கெவின் ரட் 2008 பெப்ரவரி 13இல் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். மோலி 2004இலேயே காலமாகிவிட்டார்.

இவ்வளவு சொன்ன பின்பும் படத்தின் மீது எனக்குக் குறை உண்டு. அது பலரும் சொல்லும் குறைக்கு நேர்மாறானது. சில முக்கிய இடங்களில் படம் போதிய அளவு மெதுவாக இல்லை. பிள்ளைகள் பறிக்கப்படும் காட்சியைப் பாருங்கள். பொலிஸ் கார் துரத்துகிறது, தாய் போராடுகிறாள், கண்ணாடியில் கைகள் அறைகின்றன, சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. நூலில் அப்படியில்லை. பொலிஸ்காரர் வந்து விடயத்தைச் சொல்கிறார். எதிர்க்க வழியில்லை என்று அறிந்த பெரியவர்கள் தலை குனிகின்றனர். சிறுமியர் குதிரையேற்றிக் கொண்டுபோகப்படுகின்றனர். பின்னால் ஒப்பாரி எழுகிறது. சட்டம் எத்தகைய வல்லமையோடு ஒரு சமூகத்தை அடக்கி வைத்திருந்தது என்பதை அந்தப் பணிவே சொல்கிறது. போராட்டத்தைச் சேர்த்ததால் படத்துக்குக் கண்ணீர் கிடைத்தது. உண்மையின் கனம் சற்றுக் குறைந்தது.

மற்றது முடிவு. "கடைசியில் வீடு சேர்ந்துவிட்டார்களே" என்று எங்களோடு பார்த்தவர்கள் ஆறுதல் அடைந்தார்கள். ஆனால் உண்மையில் அது முடிவல்ல. வளர்ந்து தாயான மோலி 1940இல் இரண்டு மகள்மாரோடு மீண்டும் மூர் ரிவருக்குக் கொண்டுபோகப்பட்டார். கைக்குழந்தை அனபெல்லைச் சுமந்துகொண்டு இரண்டாவது முறையும் ஜிகலொங்குக்கு நடந்தார். பின்னர் அந்தக் குழந்தையும் பறிக்கப்பட்டது. தாய் அவளை மீண்டும் காணவில்லை. படம் இவற்றை இறுதியில் முதிய மோலியின் குரலில் சில வாக்கியங்களாகச் சொல்லி முடித்துவிடுகிறது. இரண்டாவது நடையின்போது தூக்கிவர முடியாமல் மூர் ரிவரிலேயே விடப்பட்ட மூத்த மகள்தான் டொரிஸ். தாயை மீண்டும் காண அவருக்கு இருபதாண்டுகளுக்கும் மேல் பிடித்தது. தாய் நடந்து வந்த கதையை எழுதியவர், அந்தத் தாயோடு நடந்து வரக் கிடைக்காத பிள்ளை. இதை அறிந்தபின் நூலின் தலைப்பும் படத்தின் தலைப்பும் வேறு பொருள் தருகின்றன.

ஆகவே இப்படத்தை மெதுவான படம் என்போருக்கு என் பதில் இதுதான்: பறித்தவர்களுக்கு ஒரு கையொப்பமும் ஒரு நாளும் போதுமாக இருந்தன, திரும்பி வருவதற்கு ஒரு பிள்ளைக்கு ஒன்பது வாரம், இன்னொரு பிள்ளைக்கு இருபது வருடம், கிரேசிக்கும் அனபெல்லுக்கும் ஓர் ஆயுளும் போதவில்லை. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள ஒன்றரை மணித்தியாலம் பொறுமையாக உட்காருவது பெரிய காரியமல்ல.