ஆற்று மணலுக்கு மாற்றாகத் தாமிரக் கசடு

ஆற்று மணலுக்குப் பதிலாக ஆலைக் கழிவைக் கான்கிரீட்டில் கலப்பதை இரண்டு காரணங்களுக்காக ஆதரிக்கிறார்கள். ஆறு பிழைக்கும், தேங்கிக் கிடக்கும் கழிவுக்கும் ஒரு போக்கிடம் கிடைக்கும். முதல் காரணத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். இரண்டாவது காரணம் முதலாவதை முந்தும்போதுதான் கோளாறு தொடங்குகிறது.

தாமிரக் கசடையே எடுத்துக்கொள்வோம். ஒரு டன் தாமிரம் உருக்கினால் இரண்டு டன்னுக்கு மேல் கசடு மிஞ்சும். கறுப்பாக, கண்ணாடி வழவழப்போடு இருக்கும் இந்தக் குருணை தண்ணீரை அநேகமாக உறிஞ்சுவதே இல்லை. கலவை இளக்கமாகிறது, அளவோடு சேர்த்தால் பலமும் குறைவதில்லை. 2016-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 383 தரநிர்ணயம், கம்பி கட்டாத கான்கிரீட்டில் மணலின் 40 சதவீதம் வரையும், கம்பி கட்டிய கான்கிரீட்டில் 35 சதவீதம் வரையும் இதை அனுமதிக்கிறது.

ஆனால் மணலின் ஒப்படர்த்தி 2.6 என்றால் கசடுக்கு 3.5. ஒரு கனமீட்டரில் 700 கிலோ மணல் இருப்பதாகக் கொண்டு, அதில் 40 சதவீதத்தை, அதாவது 280 கிலோவை எடுத்துவிட்டு அதே எடைக்குக் கசடைப் போட்டுப் பாருங்கள். கலவையின் கன அளவு சுமார் 28 லிட்டர் குறையும். அந்த அளவுக்குச் சிமெண்டின் செறிவு கூடிவிடும். எடைக்கு எடை மாற்றிச் செய்த சோதனைகளில் தெரியும் கூடுதல் பலத்தில் ஒரு பங்கு இப்படி வந்ததாகவே இருக்கலாம். கன அளவைச் சரியாகக் காத்தால், கனமீட்டருக்கு 100 கிலோ அளவில் பாரம் ஏறும். கடலரிப்புத் தடுப்புக்கும் தாங்குசுவருக்கும் அந்தப் பாரம் வரம். மாடி மேல் மாடிக்கு அப்படியல்ல.

இதைவிடப் பெரிய கவலை தண்ணீர். கசடு உறிஞ்சாத நீர் கலவையிலேயே தங்கி, மேலே கசிந்து வரும். தளத்தின் மேற்பரப்பு பொடிந்துபோகும். தண்ணீரைக் குறைத்தால் சரியாகிவிடும். எடைபோட்டுக் கலக்கும் ரெடிமிக்ஸ் ஆலைக்கு அது எளிது. சட்டிக் கணக்கில் மணல் போட்டு, கண் அளவில் தண்ணீர் ஊற்றும் வீட்டு வேலையில் அதை எதிர்பார்க்க முடியாது. சின்ன வீடுகளுக்கு இந்தக் கலவையை இப்போதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்லாக் கழிவும் ஒரே ரகமும் அல்ல. எஃகுக் கசடில் வினைபுரியாத சுண்ணாம்பு எஞ்சியிருக்கும். ஈரம் பட்டால் அது உப்பி, கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். கம்பி கட்டிய கான்கிரீட்டில் எஃகுக் கசடுக்கு அதே தரநிர்ணயம் இடமே தரவில்லை. வார்ப்பாலை மணலிலோ களிமண்ணும் கரித்தூளும் ஒட்டியிருக்கும். அது தண்ணீரைக் குடிக்கும். இவற்றை ஒரே தலைப்பில் சேர்த்துப் புகழும் கட்டுரைகள் பொறியாளருக்கு உதவாது.

தூத்துக்குடியில் இது வெறும் கலவைக் கணக்காக நிற்கவில்லை. 2018 ஏப்ரலில் அங்குள்ள ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு மாசு கட்டுப்பாட்டு வாரியம் அனுமதி மறுத்ததற்குச் சொன்ன காரணங்களுள், உப்பாற்றங்கரையில் கொட்டிய கசடை அகற்றாததும் ஒன்று. கசடு பெரும்பாலும் இரும்பு சிலிகேட்தான் என்றாலும், சிறிதளவு கன உலோகங்களும் அதில் உண்டு. சிமெண்ட் அவற்றைப் பெருமளவு கட்டிவைக்கும். ஆனால் நாற்பது, ஐம்பது ஆண்டு கழித்துக் கட்டடத்தை இடித்து நொறுக்கும்போது புதுப் பரப்புகள் வெளியே வந்து, அவற்றின் வழியே உலோகம் கசியலாம். 28 நாள் அழுத்தச் சோதனையில் இது தெரியாது. ஆகவே, விற்கும் ஒவ்வொரு தொகுதிக் கசடுக்கும் உலோகக் கசிவுச் சோதனை நடத்தி, முடிவை வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும். அந்தச் செலவைக் கசடை உண்டாக்கிய ஆலையே ஏற்க வேண்டும். வீடு கட்டுபவர் தலையில் அது விழக்கூடாது.