குடபுலவியனார் பாட்டும் காலநிலை நீதியும்

காலநிலை நீதி பயிற்றுங்கால், புறநானூற்று 18ஆம் பாட்டை அதற்குப் பழஞ்சான்றாகக் காட்டுவாரும் உளர். அஃது ஆராயத்தக்கது.

நீரும் நிலமும் கூடியவழியே உணவும் உயிரும் உளவாம். மழையொன்றையே நோக்கும் புன்செய், பரந்ததாயினும் வேந்தன் முயற்சிக்குப் பயன்படாது. ஆதலின் நீர்நிலை பெருக்குக எனப் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்துகின்றார். ஈண்டு விளங்குவது ஆற்றலுடையோன் கடமையாகும். காலநிலை நீதியோ கேடு விளைத்தோர் பொறுப்பையும் வினவுவது. பசுமைக்குடில் வாயுக்களில் அதுகாறும் பெரும்பங்கை வெளியிட்டவை வளர்ந்த நாடுகளே என 1992ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை குறித்தது. அவ் வினா இப் பாட்டில் இல்லை. புன்செய் பேசப்படுகின்றது, அதனை உழுவோன் பேசவில்லை.

ஆகவே, பாராட்டுரையோடு வகுப்பு முடிதல் கூடாது. கண்மாய் தூர்ந்தமையால் இழந்தது யாது என்பதை மாணவர் ஊர்தோறும் சென்று உழவரிடமே கேட்டறிதல் வேண்டும். அதன் பின்னரே இப் பாட்டின் பாடம் நிறைவெய்தும்.